ஒரு பல்ப் போனால் எல்லாம் ஏன் அணைகின்றன: தொடர் இணைப்பும் பக்க இணைப்பும்

கேள்வி இதுதான்: அலங்கார விளக்குச் சரத்தில் ஒரு சிறு பல்பைக் கழற்றினால் அந்த வரிசை முழுவதும் அணைந்துவிடுகிறது, ஆனால் வீட்டில் ஓர் அறையின் விளக்கு ஃபியூஸ் போனாலும் அடுத்த அறையின் விளக்கு எரிந்துகொண்டேதான் இருக்கிறது. இரண்டுக்கும் ஒரே மின்சாரம்தானே வருகிறது, பிறகு ஏன் இந்த வேறுபாடு? சீரிஸ், பேரலல் என்கிறார்களே, இரண்டில் எது சிறந்தது? முதல் பகுதிக்கு நேரடியான விடை உண்டு. இரண்டாம் பகுதியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்க வேண்டும். இணைக்கப்படும் பொருள்கள் எல்லாவற்றுக்கும் பொதுவாக இருக்க வேண்டியது மின்னோட்டமா, மின்னழுத்தமா என்று கேட்டால், எந்த இணைப்பு வேண்டும் என்பது தானாகவே தெரிந்துவிடும்.

சீரிஸ் எனப்படும் தொடர் இணைப்பில், மின்னோட்டம் செல்ல ஒரே ஒரு பாதைதான் உண்டு. முதல் பொருளைக் கடந்த மின்னோட்டம் கிளை பிரிய வழியில்லாமல் அப்படியே இரண்டாவதற்குள் நுழைகிறது, அங்கிருந்து மூன்றாவதற்குள் செல்கிறது. ஆகவே எல்லாவற்றிலும் ஓடும் மின்னோட்டம் ஒன்றே; மொத்த மின்னழுத்தம் மட்டும் அவற்றுக்கிடையே பங்கிடப்படுகிறது, அதுவும் சமமாக அல்ல, ஒவ்வொன்றின் மின்தடைக்கு ஏற்ற விகிதத்தில். பேரலல் எனப்படும் பக்க இணைப்பில் ஒவ்வொரு பொருளின் இரு முனைகளும் அதே இரண்டு புள்ளிகளில் சேர்க்கப்பட்டிருக்கும். ஆகவே எல்லாவற்றுக்கும் கிடைக்கும் மின்னழுத்தம் ஒன்றே. மின்னோட்டம் மட்டும் அவரவர் மின்தடைக்கு ஏற்பப் பிரிந்து ஓடி, மறுமுனையில் மீண்டும் ஒன்றுசேர்கிறது. மின்னழுத்தம், மின்னோட்டம், மின்தடை ஆகிய மூன்றையும் இணைக்கும் விதியை ஜார்ஜ் சைமன் ஓம் 1827இல் வெளியிட்டார். சந்திப்புகளில் மின்னோட்டம் எவ்வாறு பிரியும், ஒரு சுற்றில் மின்னழுத்தம் எவ்வாறு பங்கிடப்படும் என்பதற்கான விதிகளைக் குஸ்தாவ் கிர்க்காஃப் 1845இல் தந்தார். இனி நான் சொல்லப்போகும் கணக்குகள் அனைத்தும் இவர்கள் இருவரின் விதிகளிலிருந்து வருபவையே.

ஓர் இணைப்பு எந்த வகை என்பதை ஒயர் போகும் தோற்றத்தை வைத்து முடிவு செய்யக் கூடாது. ஒரு பிளக் பாயிண்டிலிருந்து அடுத்த பிளக் பாயிண்டுக்கும், அதிலிருந்து மூன்றாவதுக்கும் ஒயரை லூப் செய்து கொண்டுபோவது வழக்கம். பார்ப்பதற்கு ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுத்ததுபோல் தெரிவதால் பலர் இதைச் சீரிஸ் என்று எண்ணிவிடுகிறார்கள். ஆனால் மின்சாரத்தைக் கொண்டுவரும் பேஸ் ஒயர் எல்லாப் பாயிண்டுகளின் பேஸ் முனைகளையும், அது திரும்பிச் செல்லும் நியூட்ரல் ஒயர் எல்லா நியூட்ரல் முனைகளையும் தொட்டுக்கொண்டு செல்வதால், ஒவ்வொரு பாயிண்டும் அதே இரு ஒயர்களுக்கு இடையில்தான் நிற்கிறது. ஆகவே அது சுத்தமான பக்க இணைப்பு. சரியான சோதனை ஒன்றே: ஒரு பொருளைக் கழற்றி அந்த இடத்தைத் திறந்து விட்டால், மற்றதற்கு மின்னோட்டம் செல்ல வழி இருக்கிறதா, இல்லையா? வழி இல்லையென்றால் அவை தொடரில் உள்ளன.

எண்களோடு பார்த்தால் வேறுபாடு இன்னும் தெளிவாகும். 230 வோல்ட்டுக்குச் செய்யப்பட்ட இரண்டு பழைய இழை பல்புகளை எடுத்துக்கொள்வோம்; ஒன்று 60 வாட், மற்றது 100 வாட். மின்னழுத்தத்தின் வர்க்கத்தைத் திறனால் வகுத்தால் மின்தடை கிடைக்கும்: 60 வாட் பல்புக்குச் சுமார் 882 ஓம், 100 வாட் பல்புக்கு 529 ஓம். இரண்டையும் பக்க இணைப்பில் 230 வோல்ட்டுக்குக் கொடுத்தால், முதலாவது ஏறக்குறைய 0.26 ஆம்பியரும் இரண்டாவது 0.43 ஆம்பியரும் எடுத்துக்கொண்டு, தத்தம் முழு வெளிச்சத்தோடு எரியும். அதே இரண்டையும் தொடரில் இணைத்தால் மொத்த மின்தடை சுமார் 1,411 ஓம் ஆகி, இரண்டிலும் 0.16 ஆம்பியர் மட்டுமே ஓடும். அப்போது 60 வாட் பல்புக்கு ஏறத்தாழ 144 வோல்ட்டும், 100 வாட் பல்புக்கு 86 வோல்ட்டும் கிடைக்கும். அவை செலவிடும் திறன் முறையே 23 வாட்டும் 14 வாட்டும் ஆகும். அதாவது, தொடரில் சிறிய பல்புதான் பெரியதைவிடப் பளிச்சென்று எரிகிறது. மாணவர்கள் இந்த முடிவை நம்பத் தயங்குவது இயல்பு. ஆனால் மின்னோட்டம் பொதுவாக இருக்கும்போது, எதில் மின்தடை அதிகமோ அதிலேதான் வெப்பம் அதிகம் என்பதை ஒருமுறை மனத்தில் வாங்கிக்கொண்டால் அதில் வியப்பு இருக்காது. (உண்மையில் இழை முழுச் சூடு ஏறாதபோது அதன் மின்தடை குறைந்துவிடும், ஆகவே அளந்து பார்த்தால் எண்கள் சற்று மாறும். எது பளிச்சென்று எரியும் என்பது மாறாது.)

இதே கணக்கில் கவனிக்க வேண்டிய இன்னொன்று உண்டு. தொடரில் ஒரு பல்பைக் கூட்டினால் மொத்த மின்தடை ஏறி, மின்னோட்டம் குறைகிறது. பக்க இணைப்பில் கூட்டினாலோ மின்னோட்டத்துக்குப் புதிதாக ஒரு வழி திறக்கிறது. மொத்த மின்தடை இறங்கி, எல்லாவற்றுக்கும் முன்னால் உள்ள பொது ஒயரில் மின்னோட்டம் ஏறுகிறது. மேலே சொன்ன இரு பல்புகளும் பக்க இணைப்பில் சேர்ந்தால் மொத்த மின்தடை சுமார் 331 ஓம். இரண்டில் சிறியதைவிடவும் குறைவு. இதனால்தான் ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் 2,000 வாட் ஹீட்டரையும் 1,000 வாட் அயர்ன் பாக்ஸையும் சேர்த்துச் செருகினால், இரண்டும் எந்தக் குறையும் இன்றி வேலை செய்துகொண்டிருக்க, அவற்றுக்கு மின்சாரம் கொண்டுவரும் ஒயரில் 13 ஆம்பியர் ஓடும். அந்த ஒயர் 6 ஆம்பியருக்கானதாக இருந்தால், ஓடும் மின்னோட்டம் இரண்டு மடங்குக்கும் மேல். ஒயரில் உண்டாகும் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப உயர்வதால், அது நான்கு மடங்கையும் தாண்டிவிடும். பக்க இணைப்பு தன்னைத்தானே கட்டுப்படுத்திக்கொள்ளாது. அதைக் கட்டுப்படுத்துவதற்காகவே ஃபியூஸும், மின்னோட்டம் அளவை மீறினால் தானே துண்டிக்கும் சுவிட்சான எம்.சி.பி.யும் வைக்கப்படுகின்றன.

அந்த எம்.சி.பி. இணைக்கப்படுவது தொடரில். இதை அழுத்திச் சொல்லக் காரணம், "வீட்டு ஒயரிங் பேரலல்" என்ற வாக்கியம் பாதி உண்மை மட்டுமே என்பதுதான். மின்சாரத்தைப் பயன்படுத்தும் பொருள்கள் ஒன்றுக்கொன்று பக்க இணைப்பில் இருக்கின்றன. அவற்றைக் கட்டுப்படுத்துவதும் காப்பதும் ஆகிய சுவிட்ச், ஃபியூஸ், எம்.சி.பி., மீட்டரின் மின்னோட்டச் சுருள் ஆகியவை தாம் காக்க வேண்டிய பாதையில் தொடரில் நிற்கின்றன. பாதையை ஓரிடத்தில் துண்டித்தால் முழுவதும் நிற்க வேண்டும் என்பதே இங்கு நமது தேவை. அலங்காரச் சரத்தில் எரிச்சல் தரும் அதே குணம்தான் சுவிட்சை வேலை செய்ய வைக்கிறது. சுவிட்ச் எந்த ஒயரில் இருக்கிறது என்பதும் முக்கியம். நியூட்ரல் ஒயரில் சுவிட்சை வைத்தாலும் விளக்கு அணையும். ஆனால் அணைந்த பிறகும் ஹோல்டரில் பேஸ் இருந்துகொண்டே இருக்கும். சுவிட்சை அணைத்துவிட்டோம் என்ற நம்பிக்கையில் பல்பை மாற்றக் கை வைப்பவர் உயிரோடு விளையாடுகிறார். எனவே சுவிட்ச் எப்போதும் பேஸில்தான் இருக்க வேண்டும்.

இப்போது அலங்கார விளக்குச் சரத்துக்கு வருவோம். 50 சிறு இழை பல்புகளைத் தொடரில் கோத்து 230 வோல்ட்டுக்குக் கொடுத்தால் ஒவ்வொன்றுக்கும் 4.6 வோல்ட் கிடைக்கும். டிரான்ஸ்ஃபார்மர் தேவையில்லை, ஒயரும் மெல்லியதாக இருந்தால் போதும், ஆகவே விலை குறைவு. ஓர் இழை அறுந்தால் பாதை அறுந்து எல்லாம் அணைய வேண்டும். ஆனால் இத்தகைய பல சரங்களில் ஒரு பல்ப் ஃபியூஸ் போனாலும் மற்றவை எரிவதைப் பார்த்திருப்பீர்கள். காரணம் பல்புக்குள்ளேயே இருக்கிறது. இழையைத் தாங்கும் இரு கம்பிகளின் அடிப்பகுதியில், மெல்லிய ஆக்சைடு பூச்சு கொண்ட ஒரு சிறு கம்பி சுற்றப்பட்டிருக்கும். பல்ப் எரியும்போது அதன் இரு முனைகளிலும் சில வோல்ட்டே இருப்பதால் பூச்சு மின்சாரத்தை விடாது. இழை அறுந்ததும் சுற்றில் மின்னோட்டம் நின்றுவிடுகிறது. மின்னோட்டம் இல்லாத மற்ற 49 பல்புகளிலும் மின்னழுத்த இழப்பு ஏதும் இல்லாததால், முழு 230 வோல்ட்டும் அந்த அறுந்த இடத்தில் வந்து நிற்கிறது. பூச்சு உடைந்து, சுற்றிய கம்பி பாதையை இணைத்துவிட, சரம் மீண்டும் எரிகிறது. பல்பையே ஹோல்டரிலிருந்து உருவிவிட்டால் அந்தக் கம்பியும் கூடவே வந்துவிடுவதால் சரம் அணைந்தே கிடக்கும். கேள்வியில் சொல்லப்பட்டது இந்த நிலைதான். ஆனால், போன பல்புகளை மாற்றாமல் விட்டுவிடக் கூடாது: 5 பல்புகள் போனால் மீதி 45 பல்புகளும் தலா 5.1 வோல்ட்டைத் தாங்க வேண்டியிருக்கும். அவையும் விரைவில் ஒன்றன்பின் ஒன்றாகப் போகத் தொடங்கும்.

அறுந்த இடத்தில் முழு மின்னழுத்தமும் வந்து நிற்கும் என்ற இந்த உண்மையைக் கொஞ்சம் நின்று கவனிப்பது நல்லது. ஏனெனில் மின்கோளாறு பார்ப்பவர்களைக் குழப்பும் பல காட்சிகளுக்கு இதுவே விளக்கம். வீட்டில் எதுவும் இயங்கவில்லை, ஆனால் டெஸ்டரை வைத்தால் பிளக் பாயிண்டின் இரண்டு துளைகளிலும் விளக்கு எரிகிறது என்பது அடிக்கடி கேட்கும் புகார். நியூட்ரல் ஒயர் எங்கோ விட்டுப்போயிருக்கிறது என்பதே அதன் பொருள். ஆன் செய்யப்பட்ட ஏதோ ஒரு விளக்கோ மின்விசிறியோ வழியாகப் பேஸ் உள்ளே வந்து, திரும்பிப் போக வழியில்லாமல், துண்டிக்கப்பட்ட நியூட்ரல் பகுதி முழுவதையும் பேஸ் நிலைக்கு ஏற்றிவிடுகிறது. மின்னோட்டம் இல்லை, ஆகவே அந்த விளக்கில் இழப்பும் இல்லை. எல்லாச் சுவிட்சுகளையும் அணைத்து, செருகியவற்றையும் உருவிவிட்டால் டெஸ்டர் ஒரு துளையில் மட்டும் எரிவதைக் காணலாம். எதுவும் ஓடவில்லை என்பதால் ஆபத்து இல்லை என்று எண்ணி அந்த நியூட்ரலைத் தொட்டுவிடக் கூடாது. தொடுபவர் உடலே விடுபட்ட பாதையாகிவிடும்.

மூன்று பேஸ் இணைப்பில் நியூட்ரல் அறுந்தால் விளைவு இன்னும் மோசம். ஒரு பேஸில் 1,000 வாட் ஹீட்டரும், இன்னொரு பேஸில் 100 வாட் தொலைக்காட்சியும் இருப்பதாகக் கொள்வோம். கணக்கு எளிதாக இருக்க இரண்டையும் வெறும் மின்தடைகளாகவே எடுத்துக்கொள்ளலாம். நியூட்ரல் சரியாக இருக்கும்வரை ஒவ்வொன்றுக்கும் 230 வோல்ட். பொது நியூட்ரல் அறுந்த கணத்தில், அதுவரை தனித்தனியாக இருந்த இரண்டும் இரு பேஸ்களுக்கு இடையிலான 400 வோல்ட்டுக்குக் குறுக்கே தொடரில் அமர்ந்துவிடுகின்றன. ஹீட்டரின் மின்தடை சுமார் 53 ஓம், தொலைக்காட்சியுடையது 529 ஓம். 400 வோல்ட் அந்த விகிதத்தில் பிரியும்போது, ஹீட்டருக்கு 36 வோல்ட்டும் தொலைக்காட்சிக்கு 364 வோல்ட்டும் கிடைக்கும். ஹீட்டர் வெறுமனே குளிர்ந்து நிற்கும். தொலைக்காட்சி சில நொடிகளில் கருகும். ஒரே நேரத்தில் சில விளக்குகள் மங்கலாகவும் சில கண்ணைக் கூசவைக்கும் அளவுக்கும் எரியத் தொடங்கினால், காரணத்தை ஆராய்ந்துகொண்டிருக்காமல் மெயின் சுவிட்சை உடனே அணைக்க வேண்டும். பக்க இணைப்பாக இருக்க வேண்டியது அறியாமல் தொடர் இணைப்பாக மாறுவதற்கு இதைவிடக் கொடுமையான எடுத்துக்காட்டை நான் அறியேன்.

அதே இனத்தைச் சேர்ந்த, ஆனால் அமைதியாக வளரும் கோளாறு லூஸ் கான்டாக்ட். பிளக் பாயிண்டின் திருகு ஒன்று தளர்ந்து, ஒயருக்கும் முனைக்கும் இடையில் அரை ஓம் மின்தடை உண்டாகியிருப்பதாக வைத்துக்கொள்வோம். அது ஹீட்டரோடு தொடரில் நிற்கிறது. 10 ஆம்பியர் ஓடும்போது அந்த இடத்தில் இழக்கப்படுவது 5 வோல்ட் மட்டுமே. ஹீட்டரில் எந்த வேறுபாடும் தெரியாது. ஆனால் உண்டாகும் வெப்பம் 50 வாட், அதாவது ஒரு சாலிடரிங் அயர்னின் சூடு, விரல் நகம் அளவான இடத்தில். எம்.சி.பி. டிரிப் ஆகாது, ஏனெனில் தொடரில் கூடிய மின்தடை மின்னோட்டத்தைச் சற்றுக் குறைக்கத்தான் செய்கிறதே தவிர ஏற்றவில்லை. பிளக்கின் ஒரு கால் மட்டும் பழுப்பேறியிருப்பது, சுவிட்ச் போர்டில் பிளாஸ்டிக் கருகும் வாடை வீசுவது ஆகியவை இதன் அடையாளங்கள். எம்.சி.பி. இருக்கிறது, ஆகவே தீப்பிடிக்காது என்ற நம்பிக்கையை நான் கண்டிப்பாக மறுப்பேன்.

வரலாற்றில் பொது விளக்குகள் முதலில் தொடர் இணைப்பில்தான் எரிந்தன. அமெரிக்கப் பொறியாளர் சார்லஸ் பிரஷ் 1879இல் கிளீவ்லாந்து நகரில் எரியவைத்த ஆர்க் விளக்குகள் தொடரில் இணைக்கப்பட்டவை; ஒன்று பழுதானால் அதைத் தாண்டி மின்னோட்டம் செல்லுமாறு ஒவ்வொரு விளக்கிலும் தானியங்கி அமைப்பு இருந்தது. தெருவுக்கு அது பொருந்தியது, வீட்டுக்குப் பொருந்தாது. ஒருவர் தம் விளக்கை அணைப்பது அடுத்தவரைப் பாதிக்கக் கூடாது. எடிசன் 1882இல் நியூயார்க்கின் பேர்ல் தெருவில் தொடங்கிய மின்நிலையம் பக்க இணைப்பில் மின்சாரம் வழங்கியது. அதற்கு அவருக்குத் தேவைப்பட்டது மின்தடை மிகுந்த இழை. மின்தடை குறைந்த விளக்குகளைப் பக்க இணைப்பில் கொடுத்தால் ஒவ்வொன்றும் அதிக மின்னோட்டத்தை இழுக்கும். அதைச் சுமக்கத் தடித்த செப்புக் கம்பிகளை நகரெங்கும் புதைக்க வேண்டியிருக்கும், செலவு கட்டுப்படியாகாது. எனவே எரியும் இழை ஒன்றைக் கண்டுபிடித்தால் மட்டும் போதவில்லை, பக்க இணைப்புக்கு ஏற்ற இழையைக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

அதற்காகத் தொடர் இணைப்பு காலாவதியாகிவிடவில்லை. விமான நிலைய ஓடுபாதையின் ஓர விளக்குகள் பரவலாக இன்றும் தொடரில்தான் இணைக்கப்படுகின்றன. சில கிலோமீட்டர் நீளத்துக்குப் பக்க இணைப்பில் ஒயர் இழுத்தால், வழியில் ஏற்படும் மின்னழுத்த இழப்பால் கடைசி விளக்கு முதல் விளக்கைவிட மங்கலாகும்; தரையிறங்கும் விமானிக்கோ எல்லா விளக்குகளும் ஒரே அளவு வெளிச்சத்தோடு தெரிய வேண்டும். தொடரில் 6.6 ஆம்பியர் நிலையான மின்னோட்டத்தைச் செலுத்தினால் முதலும் கடைசியும் ஒன்றுபோல் எரியும். ஒவ்வொரு விளக்கும் ஒரு சிறு டிரான்ஸ்ஃபார்மர் வழியாக இணைக்கப்படுவதால், விளக்கு போனாலும் டிரான்ஸ்ஃபார்மரின் முதன்மைச் சுருள் வழியே மின்னோட்டம் தொடர்கிறது. இங்கே பொதுவாக இருக்க வேண்டியது மின்னோட்டம். ஆகவே தொடர் இணைப்பு.

பழுதுபார்க்கும் மேசைகளில் உள்ள சீரிஸ் போர்டும் இந்தக் குணத்தைத்தான் பயன்படுத்துகிறது. சந்தேகத்துக்குரிய கருவியை நேராக மின்சாரத்தில் செருகாமல், ஒரு 100 வாட் இழை பல்போடு தொடரில் கொடுப்பார்கள். கருவிக்குள் ஷார்ட் இருந்தால் பல்ப் முழு வெளிச்சத்தோடு எரியும், அதற்குமேல் எதுவும் நடக்காது, 0.43 ஆம்பியருக்கு மேல் ஓடவே முடியாது. பாதை அறுந்திருந்தால் பல்ப் எரியாது. கருவி சரியாக இருந்து குறைந்த மின்னோட்டமே எடுத்தால் பல்ப் மங்கலாகச் சிவக்கும். ஆனால் இந்த போர்டு காப்பது கருவியை மட்டுமே. மனித உயிரைக் காக்கும் ஆர்.சி.சி.பி.க்கள் 30 மில்லிஆம்பியர் கசிவிலேயே துண்டிக்குமாறு அமைக்கப்படுகின்றன; 0.43 ஆம்பியர் அதைப்போல் பதினான்கு மடங்கு.

பேட்டரிகளில் கணக்கு எளிது, கவனம் அதிகம் தேவை. 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி பேட்டரிகள் இரண்டைத் தொடரில் இணைத்தால் 24 வோல்ட், 100 ஆம்பியர்-மணி. பக்க இணைப்பில் 12 வோல்ட், 200 ஆம்பியர்-மணி. சேமிப்பு இரண்டிலும் 2,400 வாட்-மணிதான். தொடரில் இணைத்தால் சேமிப்பு கூடும் என்பது தவறு. தொடரில் பழையதையும் புதியதையும் கலந்தால், முதலில் தீர்ந்துபோகும் பலவீனமான செல்லை மற்றவை எதிர்த்திசையில் மின்னேற்றிக் கெடுக்கும். பக்க இணைப்பில் வெவ்வேறு மின்னேற்ற நிலையில் உள்ள இரண்டைச் சேர்த்தால், சேர்த்த கணமே நிறைந்ததிலிருந்து காலியானதுக்குப் பெரும் மின்னோட்டம் பாயும். எனவே இரண்டிலும் ஒரே வகை, ஒரே வயது, ஒரே மின்னேற்ற நிலை வேண்டும். பல பேட்டரிகளைப் பக்க இணைப்பில் வரிசையாக வைக்கும்போது, பிளஸ் ஒயரை முதல் பேட்டரியிலிருந்தும் மைனஸ் ஒயரைக் கடைசிப் பேட்டரியிலிருந்தும் எடுப்பது நல்ல வழக்கம். இரண்டையும் ஒரே பேட்டரியிலிருந்து எடுத்தால் அதுவே அதிகம் உழைத்து முதலில் தேயும்.

எல்.இ.டி. பல்புகளின் உள்ளே இருக்கும் சிறு சில்லுகளும் பெரும்பாலும் தொடரில்தான் உள்ளன. சில்லு ஒன்றில் கறுப்புப் புள்ளி தோன்றி முழு பல்பும் அணைவதற்குக் காரணம் அதுவே. அவற்றை நேராகப் பக்க இணைப்பில் கொடுக்காததற்கும் காரணம் உண்டு. இயங்கத் தேவையான மின்னழுத்தம் சில்லுக்குச் சில்லு சற்று மாறும். குறைவாகத் தேவைப்படுவது அதிக மின்னோட்டத்தை இழுக்கும், சூடேறும், சூடேறினால் இன்னும் அதிகமாக இழுக்கும்.

இறுதியாக, சொந்தமாகச் சோதித்துப் பார்க்க விரும்புவோருக்கு மல்டிமீட்டரைப் பற்றி ஒரு சொல். மின்னழுத்தத்தை அளக்கும்போது மீட்டரைப் பொருளின் இரு முனைகளுக்கும் குறுக்கே, பக்க இணைப்பில் வைக்க வேண்டும்; அப்போது மீட்டரின் மின்தடை மெகாஓம் அளவில் இருப்பதால் சுற்றை அது பாதிப்பதில்லை. மின்னோட்டத்தை அளக்கும்போது பாதையைத் துண்டித்து, மீட்டரைத் தொடரில் நுழைக்க வேண்டும். அப்போது மீட்டரின் மின்தடை ஒன்றுமில்லை என்று சொல்லும் அளவுக்குக் குறைவு. சிவப்பு ஒயரை ஆம்பியர் துளையில் வைத்துவிட்டு, மறதியாக மீட்டரைப் பிளக் பாயிண்டின் இரு துளைகளிலும் வைத்தால், பேஸையும் நியூட்ரலையும் ஒரு கம்பியால் இணைத்ததற்கு அது சமம். ஆகவே மின்சாரத்தில் வைப்பதற்கு முன், சிவப்பு ஒயர் எந்தத் துளையில் இருக்கிறது என்பதை ஒவ்வொரு முறையும் பார்த்துக்கொள்ளுங்கள். தொடக்கத்தில் 12 வோல்ட் பேட்டரியையும் சிறு பல்புகளையும் வைத்தே இந்தக் கணக்குகளை அளந்து பழகலாம்; விகிதங்கள் அங்கும் இவையேதான்.